மழைக்கு விக்கும் மோட்டார் ஸைக்கிள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவ மழையும் ஆரம்பித்துவிட்டால், பழைய தஞ்சை ஜில்லாவின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டு கவலைகள் வந்து சேரும். வயலில் தண்ணீர் நிற்குமா, வடியுமா என்பது ஒன்று. வாசலில் இருக்கும் மோட்டார் ஸைக்கிள் ஓடுமா, நிற்குமா என்பது மற்றொன்று. முதல் கவலையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் அநேகர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி, சென்ற மழைக் காலத்தில் நான் பட்ட பாட்டின் பயனாக, நாலு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றுகிறது.

மோட்டார் ஸைக்கிள் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. பால் கொண்டு போவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், நடு இரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு மருத்துவச்சியை அழைத்து வருவதும் அந்த வண்டிதான். ஒரு காலத்தில் வண்டி மாடு நொண்டினால் குடும்பம் எவ்வளவு கலங்கியதோ, அவ்வளவு கலக்கம் இன்று இஞ்சின் விக்கினால் ஏற்படுகிறது. பட்டறைப் பாஷையில் இந்த விக்கலுக்கு "மிஸ்ஸிங்" என்று பெயர்.

என்னுடைய வண்டி இருபது வயதானது. ஒற்றை ஸிலிண்டர், கார்ப்யுரேட்டர் வைத்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் தினந்தோறும் அதில்தான் எனக்குப் பிரயாணம். ஒரு நாள் மாலை, மழை சற்று விட்ட சமயம், பதினோராவது வகுப்புப் படிக்கும் என் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஊர்ந்து சென்றது. அதைத் தாண்டிப் போவதற்காக வலப் பக்கம் ஒதுங்கி ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். டிராக்டருக்குச் சரி பாதியில் வந்தபோது இஞ்சின் விக்கிற்று. ஸைலென்ஸரில் "பட், பட்" என்று இரண்டு வெடிச் சத்தம். பிறகு வேகமே இல்லை. எதிரே பஸ்ஸின் விளக்குகள் இரண்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன. பிரேக்கைப் பிடித்து டிராக்டருக்குப் பின்னால் எப்படியோ ஒதுங்கிவிட்டேன். பஸ் எங்களை உராயாத குறையாகக் கடந்து போயிற்று.

அரை நிமிஷம் கழித்து இஞ்சின் ஒன்றுமே நடவாததுபோல் சுகமாக ஓடத் தொடங்கியது. என் மகள் வீடு வந்து சேரும் வரையில் பேசவில்லை. மறுநாள் காலையில்தான், "அப்பா, மழை நாளில் இனிமேல் நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

மூன்று தடவை பட்டறைக்குப் போனேன்

பட்டறைத் தம்பி கை சுத்தமுள்ளவர், உழைப்பாளி. முதல் தடவை ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். "இனிமே பயமில்லை, ஸார்" என்றார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிக் காட்டினார், கடிகாரம்போல் ஓடிற்று. அடுத்த மழைக்கு மறுபடியும் விக்கிற்று. இரண்டாம் தடவை பாட்டரி புதிதாயிற்று. மூன்றாம் தடவை கார்ப்யுரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஏர் பில்டரையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பட்டறையின் கூரைக்குக் கீழே வண்டி சமர்த்தாக ஓடும். ஈரச் சாலைக்கு வந்தால் விக்கும். இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் செலவழிந்த பிறகு, "இது மழைக்காகாத வண்டி ஸார், வித்துடுங்க" என்றார் அவர்.

அன்று இரவு எனக்கே வெட்கமாயிருந்தது. வகுப்பறையில் இருபது வருஷமாக மின்சாரப் பாடம் நடத்துகிறவன் நான். ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என் சொந்த வண்டி விஷயத்திலோ, ஒரு பரிசோதனையும் செய்யாமல் சாமான்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்!

இஞ்சினுக்குள் நடப்பது என்ன?

ஒற்றை ஸிலிண்டர் நான்கு வீச்சு இஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு வீதம், ஒரு விநாடிக்கு 25 வெடிப்பு நடக்க வேண்டும். ஒவ்வொரு வெடிப்புக்கும் மூன்று சரக்குகள் தேவை: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதை நெருக்கிப் பிடிக்கும் அழுத்தம், சரியான சமயத்தில் ஒரு மின் பொறி. மழை பெய்ததனால் ஸிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் கெட்டுப்போவதில்லை. ஆகவே மழைக்கால விக்கலில் நாம் சந்தேகிக்க வேண்டியவர்கள் இருவரே: பொறி, கலவை.

மின் பொறிக்கு மூலகாரணமான தத்துவத்தை 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். ஒரு கம்பிச் சுருளில் காந்த சக்தி சட்டென்று மாறினால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதே அது. 1902-ல் ராபர்ட் பாஷ் என்பவருடைய தொழிற்சாலையில் காட்லோப் ஹோனோல்டு என்ற இஞ்சினீயர், உயர்ந்த அழுத்தமுள்ள மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். நம் வண்டியில் 12 வோல்ட் பாட்டரியின் மின்சாரம், இக்னிஷன் காயில் என்னும் சுருளில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, தடித்த ஒயர் வழியாக பிளக்கின் நுனிக்கு வருகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்து பொறியாகிறது.

ஆனால் மின்சாரத்துக்கு அந்த இடைவெளியைத்தான் தாண்ட வேண்டுமென்ற பிடிவாதம் கிடையாது. இஞ்சினின் இரும்புக்குப் போய்ச் சேர அதைவிடச் சுலபமான குறுக்குவழி இருந்தால் அதில் போய்விடும். காயில், ஒயர், பிளக்கின் தலையில் மாட்டும் கேப் ஆகியவற்றின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அந்தக் குறுக்குவழிகளை அடைத்து நிற்கும் வேலிகள். வேலியில் விரிசல் விழுந்து, விரிசலில் ஈரமும் புகுந்துவிட்டால் வழி திறந்துகொள்கிறது.

பட்டறையில் ஓடிய வண்டி சாலையில் ஏன் விக்கிற்று? நெருக்கப்பட்ட காற்றில் பொறி பாய்வது கடினம். அழுத்தம் ஏற ஏற அதிக வோல்ட் தேவைப்படும். ஸ்டாண்டில் நிதானமாக ஓடும் இஞ்சினில் அழுத்தம் குறைவு. பொறி எளிதில் பாய்கிறது. இருவரைச் சுமந்துகொண்டு டிராக்டரை முந்துவதற்கு ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதோ, ஸிலிண்டரில் கலவை நிறையப் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அப்போது பிளக்கைத் தாண்டுவதைவிட ஈர விரிசலில் ஊர்வதே மின்சாரத்துக்குச் சுலபமாகிவிடுகிறது. நமக்கு வேகம் மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்திலேயே இஞ்சின் கைவிடுவதன் ரகசியம் இதுதான். எரியாத கலவை சூடான ஸைலென்ஸரில் போய் வெடிப்பதே "பட், பட்" என்ற சத்தம்.

பொறியா, கலவையா?

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஞாபகத்தைக் கிளறிப் பார்ப்பது நல்லது. விக்கல் திடீரென்று வந்து திடீரென்று போனால் பொறியின் மேல் சந்தேகம் கொள்ளலாம். விளக்கில் எண்ணெய் வற்றுவதுபோல் வேகம் மெதுவாகக் குறைந்து இஞ்சின் சோர்ந்தால், அநேகமாகக் கலவையில்தான் கோளாறு. ஈரத்தில் விக்கி, இஞ்சின் சூட்டில் காய்ந்ததும் சரியானால், மின்சாரக் கசிவு. மழை நின்று, வெயில் அடித்து, இரண்டு நாளாகியும் விக்கினால், பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அல்லது ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம்.

விக்கும் சமயத்தில் மீட்டர் விளக்கையும் கவனிக்க வேண்டும். பாட்டரியைக் கொண்டு பொறியூட்டும் வண்டியில் அந்த விளக்கும் கூடவே மினுக்கினால், சாவி ஸ்விட்சிலோ, பியூஸிலோ, பாட்டரி இணைப்பிலோ குற்றம் இருக்கிறது. விளக்கு நிலையாய் எரிந்து இஞ்சின் மட்டும் விக்கினால், கோளாறு காயிலுக்கு அப்பால் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கலவையைச் சோதிப்பது சுலபம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது; கார்ப்யுரேட்டரின் கிண்ணத்தில் அடியில் போய்த் தங்கும். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, நெருப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும். தண்ணீர் இருந்தால் முத்து முத்தாக அடியில் உருளும்.

ஆனால் இந்தச் சோதனையில் இப்போது ஒரு புதிய சூக்ஷ்மம் சேர்ந்திருக்கிறது. நம் தேசத்துப் பெட்ரோலில் கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எத்தனால் கலக்கிறார்கள்; 2025-ல் இந்தக் கலப்பு நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டியது. அந்நிய எண்ணெய்க்காக வெளியே போகும் பணம் குறைவது நல்லதுதான். ஆனால் எத்தனால் தண்ணீரோடு உறவாடும் குணமுள்ளது. சிறிதளவு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அதில் கரைந்துவிடும். அளவு மிஞ்சினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோர்த்துக்கொண்டு தனிப் படலமாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிச் சேர்த்து ஓட்டலாம் என்று நினைக்கக்கூடாது. முழுவதையும் வடித்துவிடுவதே முறை. மழைக்காலத்தில் டாங்க் மூடியின் ரப்பர் வளையத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

கழற்றிய பிளக்கும் சேதி சொல்லும். பெட்ரோல் ஈரத்துடன் இருந்தால், கலவை வந்தும் பொறி வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். கரி அப்பியிருந்தால், ஏர் பில்டர் நனைந்து காற்று போதாமல் தவித்திருக்கலாம். என் வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் சுத்தமாயிருந்தது. மீட்டர் விளக்கு நிலையாயிருந்தது. விக்கல் வந்ததும் போனதும் திடீரென்று. ஆகவே கசிவு காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும். ஆனால் எங்கே?

இருட்டில் ஒரு பரிசோதனை

மழை இல்லாத ஓர் இரவு, வாசல் வெளியில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினேன். மூடிய அறைக்குள் இஞ்சினை ஓட்டக்கூடாது; அதன் புகையில் உள்ள கார்பன் மானாக்ஸைடு வாயு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு இஞ்சினைக் கிளப்பினேன். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டி என் மகளின் கையில் இருந்தது. "நான் சொல்லும் இடத்தில் மட்டும் தள்ளி நின்று தெளி. எதையும் தொடாதே" என்று சொல்லியிருந்தேன். ஓடும் இஞ்சினில் அந்தத் தடித்த ஒயரைத் தொடுவது விளையாட்டல்ல.

முதலில் காயிலின் மேல் தெளித்தாள். நான் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கினேன். இஞ்சின் உறுமிற்றே தவிர, விக்கவில்லை. பிறகு ஒயர் நெடுகத் தெளித்தாள். விக்கவில்லை. பிளக்கின் கேப்பின் மேல் தெளித்தாள். அப்போதும் விக்கவில்லை! என் சாஸ்திரம் எல்லாம் பொய்யோ என்று எண்ணினேன்.

"அப்பா, இது குடிக்கிற தண்ணீர். சாலையில் தெறிக்கிறது இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?" என்றாள்.

ஒரு கணம் பதில் சொல்லத் தோன்றவில்லை. வேதாரண்யம் என்றதும் நேயர்களுக்கு 1930-ஆம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகம் ஞாபகம் வரும். ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் சட்டத்தை மீறி உப்பு அள்ளிய கடற்கரை அது. இன்றைக்கும் அங்கே உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கின்றன. அந்தக் காற்றில் உப்பு. சாலைப் புழுதியில் உப்பு. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் எளிதில் செல்லாது. உப்புக் கரைந்த தண்ணீரிலோ தாராளமாகச் செல்லும். இது நான் வருஷந்தோறும் நடத்தும் பாடம்!

சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வந்து புட்டிக்குள் கரைந்தது. மறுபடியும் காயில்; ஒன்றுமில்லை. ஒயர், ஒன்றுமில்லை. கேப்பின் மேல் தெளித்து, நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கியதுதான் தாமதம், இஞ்சின் விக்கிற்று. "அதோ, அதோ! நீலமாய் ஊர்கிறது!" என்று என் மகள் கூவினாள். கேப்பின் பக்கவாட்டிலிருந்து ஸிலிண்டரின் மேல் தகடுகளை நோக்கி, மெல்லிய நீல நூல்போல் ஒரு பொறி நெளிந்து நெளிந்து பாய்ந்தது. என்னுடைய மின்சாரமும் அந்த ஊர் உப்பின் துணையைக்கொண்டு சட்டமறுப்புச் செய்திருக்கிறது!

இஞ்சினை நிறுத்தி, ஆறவைத்துக் கேப்பைக் கழற்றினோம். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தலைமயிர் போன்ற விரிசல் ஒன்றும், அதன் ஓரமாக ஒரு கரிக் கோடும் தெரிந்தன. பொறி ஒரு தடவை ஊர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் கருகிக் கரியாகிறது. கரியும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த தடவைக்குப் பாதை இன்னும் சுலபமாகிறது. காய்ந்தால் தானே சரியாகும் நோய் நாளடைவில் முற்றுவதற்குக் காரணம் இதுதான்.

வைத்தியம் மிக எளிது. இருநூறு ரூபாய்க்குள் ஒரு புதிய கேப் வாங்கினேன். ஒயரின் நுனியில் களிம்பேறிய பாகத்தை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு, புதுச் செம்பு தெரியும்படி செய்து கேப்பைத் திருகினேன். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களின் விளிம்பில் சிலிகான் கிரீஸ் தடவினேன். பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு சிறு துவாரம் உண்டு. அதை அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் அகற்றினேன். உப்பு இரும்பை அரிக்குமாகையால், தெளித்த இடத்தையெல்லாம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினேன். பிறகு அதே உப்புத் தண்ணீரைப் புதிய கேப்பின் மேல் தெளித்துப் பார்த்தோம். விக்கல் இல்லை. கடைசியாகச் செய்த இந்தச் சோதனை முதலில் செய்ததைப் போலவே முக்கியமானது. நோயை வரவழைத்துக் காட்டிய அதே முறையில் மறுபடியும் வரவழைக்க முடியாமற்போனால்தான் குணமாயிற்று என்று சொல்லலாம்.

புதிய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எண்ண வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்ப்யுரேட்டர் போய், பெட்ரோலைக் கணக்கிட்டுப் பீச்சும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கோளாறு நேர்ந்தால் மீட்டரில் ஓர் எச்சரிக்கை விளக்கும் எரியும். ஆனால் அவற்றிலும் பிளக் உண்டு. அதற்கு உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் வந்துதான் ஆக வேண்டும். வேலியில் விரிசல் விழுந்தால் அதுவும் கசியும். பட்டறையில் வேகமாகத் தண்ணீர் பீச்சிக் கழுவும் குழாயை இந்த இடங்களுக்கு நேராகப் பிடிக்கவேண்டாம் என்று சொல்லி வைப்பது எல்லா வண்டிக்கும் நல்லது.

முன்னொரு காலத்தில் சுதேசி என்றால் அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துவது என்று அர்த்தம். இன்று மோட்டார் ஸைக்கிள்களை நம் தேசத்திலேயே லக்ஷக்கணக்கில் செய்கிறோம். ஆனால் செய்வதும் வாங்குவதும் மட்டும் சுதேசி ஆகிவிடுமா? நல்ல பாட்டரியைக் கழற்றி எறிந்தேன். நல்ல பில்டரைக் குப்பையில் போட்டேன். அவ்வளவும் இந்தத் தேசத்துத் தொழிலாளியின் உழைப்பு அல்லவா? ஒரு சிட்டிகை உப்பும் அரைமணி நேர யோசனையும் செலவழித்திருந்தால் அவ்வளவும் மிச்சமாகியிருக்கும்.

பழைய கேப்பைப் பட்டறைத் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எனக்கே கொடுத்துடுங்க, ஸார்" என்று வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது அது அவர் கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றும் இருந்தது.

கார்த்திகையில் மறுபடியும் நல்ல மழை. பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் என் மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதே சாலையில் வைக்கோல் டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் ஒரு விக்கல் இல்லாமல் ஓடிற்று. ஆயினும் நான் அதைத் தாண்டிப் போகவில்லை. ஊர் எல்லை வரையில் அதன் பின்னாலேயே போனேன். வண்டியைப் பழுது பார்த்தாகிவிட்டது. ஓட்டுகிறவனையும் கொஞ்சம் பழுது பார்க்க வேண்டாமா?